இருபத்திரண்டு வில்மா மே

ஒரு மணி நேரம் ஆகும் என்றார் ஹயாத் பாய். கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டுமென்றால் அது ஓடுகிற நேரம் ஓடித்தான் தீர வேண்டுமாம், அவசரப்படுத்த முடியாதாம். எனக்கு என்ன அவசரம். பிலோமினாவை அடக்கம் செய்து இருபத்தாறு நாள் ஆகிறது, அதற்கப்புறம் எனக்கு எதிலும் அவசரம் வரவில்லை. எந்தப் பக்கம் சார் வேணும் என்று கேட்டார். பி பக்கம் என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துபோயிருக்கும், இருக்கிறாளா இல்லையா என்று. ரெண்டு பக்கமும் போடுங்க என்றேன். அவரும் ஏ பக்கத்தைப் போட்டுவிட்டு, எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளினார். ரிச்சி தெருவில் இரண்டாவது மாடி, பகல் பதினொன்றரை மணி, சுவரோரம் பழைய டேப் டெக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன, ஈயம் உருக்குகிற வாடை, மின்விசிறி சுற்றுகிறது ஆனால் காற்று எனக்கு வரவில்லை. விஷயம் இவ்வளவுதான்: என் மனைவி பாடி, நான் பதிவு செய்தது உலகத்திலேயே இந்த ஒரு கேசட்டில்தான். அதன் மேலேயே நான் வேறு ஒன்றைப் பதிவு செய்துவிட்டேனா இல்லையா என்பதுதான் கேள்வி. செய்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன நினைக்கிறேன், செய்தேன். அப்படி நிச்சயமாகவும் சொல்ல முடியவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, அன்றைக்கு அம்மா குரலைப் போட வேண்டும் என்று பெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து தினம் இரண்டு தடவை போன் செய்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

டெக்கின் சின்ன ஸ்பீக்கரில் முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வில்மா மே. இரண்டாவது பாட்டும் வில்மா மே, மூன்றாவதும் வில்மா மே, இந்தப் பக்கம் முழுக்க அதுதான். ஹயாத் பாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், கேசட் மாட்டிக்கொண்டதோ என்று நினைத்திருப்பார். ஒரே பாட்டுத்தான், பாடுகிறவர்கள்தான் வேறு வேறு என்றேன். எதுக்கு சார் என்றார். நாற்பது வருஷமாக பிலோவும் இதையேதான் கேட்டாள். ஐம்பத்தேழில் அமெரிக்காவில் டயர் கடையில் வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பையன் பாடியது, இரண்டு நிமிடம் நாலு விநாடி. வில்மா மே, கதவைத் திற, கார் வாசலில் நிற்கிறது, பெட்ரோல் தீர்வதற்குள் வா. அவ்வளவுதான் பாட்டு. அவள் கதவைத் திறப்பதாக ஒரு வரியும் கிடையாது. கடைசிச் சரணத்தில் போகிறேன், இதோ போகிறேன் என்கிறான், போனானா என்று தெரியாமலே முடிந்துவிடும். அது வந்து மூன்று மாதத்தில் தலையில் எண்ணெய் வழிய வாரிய ஒரு வெள்ளைக்காரன் அதையே பாடி, அவனுடையதுதான் ஊரெல்லாம் விற்றது, டயர் கடைப் பையன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அப்புறம் இங்கிலாந்துப் பையன்கள் நாலு பேர். அப்புறம் ஒரு ஜெர்மன்காரன் அக்கார்டியனோடு, அது கல்யாண ஊர்வலம் போலிருக்கும். அப்புறம் மணிலாவில் ஏதோ ஓட்டல் பேண்டு. நம்மூர் சினிமாவிலும் ஒருத்தர் மெட்டை அப்படியே தூக்கி, கதவைத் திற என்பதைக் கண்ணைத் திற என்று மாற்றி, கிளப் டான்ஸுக்குப் போட்டார், அதற்கும் நான் நம்பர் கொடுத்தேன், பதினொன்று. ரேடியோவிலிருந்தும், தெரிந்தவர் வீட்டு ரெக்கார்டிலிருந்தும், பின்னால் போனிலிருந்தும் சேர்த்து மொத்தம் இருபத்திரண்டு. ஒரு கோடு போட்ட நோட்டில் நம்பர், வருஷம், கருவி, நிமிடம், என் மதிப்பெண் எல்லாம் இருக்கிறது. ஆபீசில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்திநாலு வருஷம் நட்டையும் போல்ட்டையும் எண்ணியவன், வீட்டுக்கு வந்து இதை எண்ணினேன். பெனிட்டாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, அம்மாவோடது எத்தனாவதுப்பா என்று கேட்டாள். அது பட்டியலில் இல்லை. வீட்டில் பாடுவதை யாராவது பட்டியலில் சேர்ப்பார்களா என்று சொன்னேன். பிலோ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நிமிர்ந்தாளோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

ஜெர்மன்காரன் வந்துவிட்டான். இவனுக்கு நான் போட்டது பத்துக்கு மூன்று. வாலிபத்தில் நாங்களும் ஒரு பேண்டு வைத்திருந்தோம், அதற்கு யாராவது மதிப்பெண் போட்டிருந்தால் என்ன போட்டிருப்பார்கள்? அயனாவரத்தில் இக்னேஷியஸ் அண்ணன் வீட்டு மாடியில்தான் ஒத்திகை. அவர் ஆர்கன், நான் ரிதம் கிடார், டிரம்ஸுக்கு வருஷத்துக்கு ஒருத்தன். அந்த அண்ணனிடம் ஒரு ரெக்கார்ட் பிளேயர் இருந்தது, அதன் உள்ளே சக்கரத்து ரப்பர் தேய்ந்துபோய்த் தட்டு மெதுவாகத்தான் சுற்றும், குரலும் தடித்து இறங்கிக் கேட்கும், எங்களுக்கு அது தெரியாது. அந்த மெதுவான தட்டில் கேட்டுத்தான் வில்மா மேயைக் கற்றுக்கொண்டோம். பாடுகிறவன் நாற்பது வயது கனத்த குரல்காரன் என்று நினைத்தோம், காதலியை வெளியே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனவன் என்று நினைத்தோம். எங்களில் எவனுக்கும் அந்தக் கீழ்ச் சுருதி எட்டவில்லை. அப்போதுதான் அண்ணன் கோயில் பாடகர் குழுவிலிருந்து பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோயிலில் அவளை ஆண்கள் வரிசைக்கு ஒட்டித்தான் நிறுத்துவார்கள், குரல் அவ்வளவு அடியில் இருக்கும். அவள் முதல் தடவையிலேயே அதை எட்டிவிட்டாள். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஈஸ்டர் டான்ஸுக்கு அதைத்தான் வாசித்தோம், குதிக்கலாம் என்று வந்த ஜோடிகள் கடைசியில் தோளில் தலை சாய்த்து ஆடினார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே, பெயரை மாற்றேன் என்றார்கள். அவள் மாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரி உறைமோர் கேட்டு வந்து நிற்கிற மாதிரி, உள்ளே ஆள் இருக்கிறதென்று தெரிந்து நிற்கிற மாதிரி, அப்படிப் பாடுவாள். ஐந்தாறு வருஷம் கழித்து, எங்களுக்குக் கல்யாணமும் ஆன பிறகு, சிற்றலை ரேடியோவில் அசலைக் கேட்டோம். அசல் ஓடுகிறது, தாவுகிறது, பாடுகிறவன் இருபது வயதுகூட ஆகாத பையன். இக்னேஷியஸ் அண்ணனுக்கு மானம் போய்விட்டது. இத்தனை வருஷமா தப்பா வாசிச்சிருக்கோமேடா, மாத்திடலாம் என்றார். நானும் மாற்றத்தான் வேண்டும் என்றேன். பிலோ மட்டும், அது அவனோடது, இது என்னோடது, எனக்கு இப்படித்தான் வரும் என்றாள். அன்றிலிருந்து பேண்டு அதை வாசிக்கவில்லை. அவளும் மேடையில் பாடவில்லை. அசலைக் கேட்ட நாளிலிருந்துதான் நான் நம்பர் போட ஆரம்பித்தேன். சரியானது எது என்று தெரிந்துகொள்ள ஆசை. இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது, ஆனால் எரிச்சலும் தூரத்தில்தான் இருக்கிறது, அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடிக்கிற மாதிரி.

அழுதுடுங்க அல்போன்ஸ், அடக்கி வைக்காதீங்க என்றார் பங்குச் சாமியார். நான் அடக்கவில்லை, வரவில்லை. அடக்கத்தன்று பாடகர் குழு அரை சுருதி இறங்கிப் பாடியதைக் கவனித்தேன். பெட்டியின் இடதுபக்கக் கைப்பிடியில் ஒரு திருகாணி இல்லை என்பதைக் கவனித்தேன், ஸ்டோர்ஸ்காரன் கண் அல்லவா. மறுநாள் காலையில் நாலு இட்லி சாப்பிட்டேன், சட்னியில் உப்பு குறைவு என்று சொல்ல வாயெடுத்தேன், சட்னி கொடுத்தது எதிர்வீட்டம்மா, பேசாமல் இருந்துவிட்டேன். இது எல்லாம் பெரிய குற்றமில்லை. என்னைப் பயமுறுத்துவது வேறு. அவள் குரல் எனக்கு ஞாபகத்தில் இல்லை. முகம் இருக்கிறது, கை இருக்கிறது, கடைசி வாரம் ஊசி போட்டு நீலம் பாரித்த புறங்கை இருக்கிறது, சேலைக் கொசுவத்தை வாயில் கவ்விக்கொண்டு கதவைச் சாத்துவது இருக்கிறது. குரலைத்தான் காணோம். ஏங்க என்று கூப்பிடுவாள். இப்போது ஏங்க என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், என் குரலில்தான் கேட்கிறது. தண்ணி வந்திடுச்சு, மோட்டார் போடுங்க என்று சொல்லிப் பார்க்கிறேன், அதுவும் நான்தான். இருபத்திரண்டு பேரின் குரலும் கண்ணை மூடினால் வரிசையாக வரும், ஜெர்மன்காரன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பது வரைக்கும் தெரியும். நாற்பத்தாறு வருஷம் பக்கத்தில் இருந்தவள் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள் என்று கேட்டால் பதில் இல்லை. இது மூளையில் ஏதாவது கோளாறோ, டாக்டரிடம் கேட்கலாமா, என்னவென்று கேட்பது. ஹயாத் பாய் பேப்பர் கப்பில் டீ நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

போன் அடித்தது, பெனிட்டா. "அப்பா, கடைக்குப் போனீங்களா?" என்றாள். வந்தாச்சு, ஓடிக்கிட்டிருக்கு என்றேன். "அம்மா வந்தாங்களா?" என்றாள். இன்னும் ஏ பக்கம்தான் என்றேன். "எனக்கு அந்தப் பாட்டு அரைகுறையாத்தான் ஞாபகம் இருக்குப்பா. சின்ன வயசுல தூங்க வைக்கும்போது பாடுவாங்க, பாதியில நான் தூங்கிடுவேன், கடைசி வரைக்கும் கேட்டதே இல்ல. முழுசா கிடைக்கும்ல?" என்றாள். பார்ப்போம் என்றேன். "என்னப்பா பார்ப்போம்னு சொல்றீங்க? கேசட் நல்லாத்தானே இருக்கு? பூஞ்சை கீஞ்சை பிடிச்சிருக்கா?" பூஞ்சையெல்லாம் இல்லை என்றேன், அது உண்மை. முடிஞ்சதும் கூப்பிடுறேன் என்று வைத்துவிட்டேன். சொல்லியிருக்கலாம். அழிந்துபோயிருக்கலாம்மா, எதிர்பார்க்காதே என்றாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு வயது நாற்பத்திமூன்று, அழுதால் சமாளிக்கத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

அந்த நாளை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. தொண்ணூறாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருந்தோம், ரேடியோவில் வெள்ளைக்காரன் ஒருவன் இதோ அடுத்தது வில்மா மே, அந்த நாலு பையன்கள் பாடியது, என்கிறான். எட்டு வருஷமாகத் தேடிய பாட்டு, அப்போது என் பட்டியலில் அது மட்டும்தான் குறை. புதுக் கேசட் வீட்டில் இல்லை. கைக்குக் கிடைத்தது இது. இதன் பி பக்கத்தில் முதலாவதாக இருந்தது பிலோ, எண்பத்திமூன்றில் மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்த டூ இன் ஒன் டேப் ரெக்கார்டரில் நானே பதிவு செய்தது, நான் கிடார், அவள் பாட்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் வரும். பி பக்கம் என்று தெரிந்தேதான் போட்டேனா? ஏ பக்கத்தில் இடம் இல்லை என்று தெரியும், அப்படியென்றால் தெரிந்தேதான். இல்லை, அவசரத்தில் பார்க்காமல் போட்டிருப்பேன். பார்க்காமல் எப்படிப் போட முடியும்? பதிவு செய்யும் பொத்தான் உள்ளே போகவில்லை. கேசட்டின் முதுகில் அந்தச் சின்னப் பல்லை யாரோ உடைத்து வைத்திருக்கிறார்கள். அதை உடைத்துவிட்டால் அப்புறம் எதையும் மேலே பதிவு செய்ய முடியாது, எல்லா வீட்டிலும் வேண்டிய கேசட்டுக்கு அப்படிச் செய்வார்கள். நான் உடைக்கவில்லை. வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பெண் பெனிட்டாவும். கொண்டை ஊசியால் நெம்பி உடைத்த மாதிரி ஓரம் பிசிராக இருந்தது. அதைப் பார்த்தேன். இதைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறேன், ஒரு விநாடி பார்த்தேன், அறிவிப்பாளன் பேசி முடிக்கிறான், மேசை டிராயரில் செல்லோ டேப் இருந்தது, ஒரு துண்டு கிழித்து அந்த ஓட்டை மேல் ஒட்டினேன், பொத்தான் உள்ளே போனது. அந்த டேப் இன்னும் மஞ்சளாகக் காய்ந்து அங்கேயே இருக்கிறது, இன்று காலையில் பார்த்தேன். அவள் அப்போது எங்கே இருந்தாள்? சமையலறையில் இருந்தாள் என்று ஒரு நாள் தோன்றுகிறது, பின்னாலேயே நின்றாள் என்று இன்னொரு நாள் தோன்றுகிறது. அதற்கப்புறம் ஏதோ ஒரு மத்தியானம் கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் பாடுறானுங்க என்று சொன்னாள். சொன்னாளா? அந்த வாக்கியமும் என் குரலில்தான் கேட்கிறது. என்னைத் திட்டியிருக்கலாம். உப்புக் குறைந்தால் திட்டுவாள், துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டுவாள், இதற்கு ஒரு வார்த்தை இல்லை.

ஏ பக்கம் முடிந்து பொத்தான் துள்ளியது. ஹயாத் பாய் கேசட்டை எடுத்து, முதுகைப் பார்த்து, பென்சிலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். திருப்பிப் போடவா சார் என்றார். எதற்கு அனுமதி கேட்கிறார் என்று கோபம் வந்தது. போடுங்க என்றேன். இரைச்சல், சின்ன விசில், அறிவிப்பாளனின் வாக்கியத்துக் கடைசிச் சொல், உடனே இங்கிலாந்துப் பையன்கள். துல்லியமாக இருக்கிறது. நல்ல பதிவு. பத்துக்கு ஒன்பது போட்டவன் நான்தான். ஆக, செய்திருக்கிறேன். இத்தனை நேரம் இருக்கும் இல்லை, இருக்கும் இல்லை என்று மென்றுகொண்டிருந்தது முடிந்துவிட்டது. என்ன தோன்றுகிறது என்று உள்ளே பார்த்தேன், ஒன்றும் இல்லை, ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது, அதுதான் அசிங்கமாக இருந்தது. கதவைத் திற, வில்மா மே, கதவைத் திற என்று நாலு பேரும் சேர்ந்து கத்துகிறார்கள். நிறுத்திடுங்க பாய் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பெனிட்டாவிடம் பூஞ்சை என்று சொல்லிவிடலாம், அவளாகவே எடுத்துக் கொடுத்த சாக்கு. எழுந்தும் விட்டேன். அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். பையன்கள் போகிறேன் போகிறேன் என்று முடித்தார்கள். அறிவிப்பாளன், அடுத்ததாக, என்று ஆரம்பித்தான், நான் தொண்ணூறில் பொத்தானை அழுத்தியிருக்கிறேன், டொக்.

டொக்கென்ற சத்தத்துக்குப் பின்னால், ஒரு சொல்லின் நடுவிலிருந்து, பிலோமினா பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே புரியவில்லை. இது இருபத்திமூன்றாவது, இது யார், இதை எப்போது சேர்த்தோம் என்றுதான் மூளை ஓடியது, வெட்கக்கேடு. பையன்கள் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அவள் மெதுவாகப் பாடுகிறவள், அவர்கள் நீளம் அவளை முழுக்க மூடப் போதவில்லை. கடைசிச் சரணம் அப்படியே கிடந்திருக்கிறது, நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்த அங்குலத்தில், முப்பத்தைந்து வருஷம். நான் ஒரு தடவைகூட அந்த டொக்கைத் தாண்டிக் கேட்டதில்லை, எனக்கு வேண்டியது அதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டதே. குரல் நான் தேடியதைவிடக் கனமாக இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக, சளி பிடித்திருந்ததோ என்னவோ. போகிறேன் என்கிற இடத்துக்கு முன்னால் மூச்சு வாங்கினாள். அவசரப்படவே இல்லை. போகிறவள் மாதிரியே இல்லை. என் கிடார் அவளை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடப் பார்க்கிறது, அவள் அதைச் சட்டை செய்யவில்லை, தன் நேரத்துக்கு முடித்தாள். கடைசித் தந்தி அடங்குவதற்குள், "நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். "ம். பேசாத, டேப் ஓடுது" என்றது ஒரு ஆம்பிளைக் குரல், எரிச்சலாக. "ஓடட்டுமே. நல்லா வந்துச்சான்னு கேட்டேன்ல?" என்றாள் பிலோ. அதற்குப் பதில் இல்லை. டொக். அதோடு வெறும் இரைச்சல்.

"மேடமா சார்?" என்றார் ஹயாத் பாய், குரலைத் தாழ்த்திக்கொண்டு. தலையாட்டினேன். "பாட்டோட நிறுத்திக்கலாமா? கடைசியில அந்த ஆளு குரல் இடைஞ்சலா வருது, கட் பண்ணா க்ளீனா இருக்கும்" என்றார். அது நான்தான் என்றேன். அவர் ஸ்கிரீனைப் பார்க்க ஆரம்பித்தார். கட் பண்ணினால் யாருக்கும் தெரியாதுதான். அதற்குள் போன், பெனிட்டாவேதான், பொறுக்கவில்லை போலிருக்கிறது. "அப்பா, கிடைச்சுதா?" கடைசி ஒரு நிமிஷம் கிடைச்சுதும்மா என்றேன். "மிச்சம்?" என்றாள். மிச்சத்து மேல நான் வேற பாட்ட ரெக்கார்ட் பண்ணிட்டேன் என்றேன். தொண்ணூறில், தெரிந்தே, அம்மா பல்லை உடைத்து வைத்திருந்தாள், அதன் மேல் டேப் ஒட்டிப் பண்ணினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டோர்ஸில் காணாமல் போன சாமானுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கிற தொனியில்தான் வந்தது, வேறு தொனி என்னிடம் இல்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைத்திருந்தால் நியாயம். ரொம்ப நேரம் கழித்து, "அந்த ஒரு நிமிஷத்தப் போடுங்க" என்றாள், அப்பா என்று சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு டெக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஹயாத் பாய் கொஞ்சம் பின்னால் சுற்றி விட்டார். பிலோ சொல்லின் நடுவிலிருந்து ஆரம்பித்து, மூச்சு வாங்கி, போகிறேன் போகிறேன் என்று போகாமல் முடித்து, நல்லா வந்துச்சா என்று கேட்டாள். என் குரல் சலித்துக்கொண்டது. ஓடட்டுமே, நல்லா வந்துச்சான்னு கேட்டேன்ல என்றாள். கோயம்புத்தூரிலிருந்து பெனிட்டா, "நல்லா வந்துச்சும்மா" என்றாள். நான் சொல்ல வேண்டியதைத்தான் அவள் சொன்னாள். என் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, முகவாயிலிருந்து ஏதோ சட்டையில் சொட்டியது, என்னவென்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. டேப் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. நிறுத்திடவா என்று ஹயாத் பாய் கையால் கேட்டார். ஓடட்டும் என்றேன்.